விளக்குமாறுக்கு பேட்டன்ட் கிடைக்குமா?

போன சில எபிசோட்ல பெரிய ஆட்களைப் பத்தி, பெரிய சண்டைகளைப் பத்தி பேசினோம். இன்னைக்கு ரொம்பச் சின்ன விஷயம். மேடும் பள்ளமுமான தரையில கிடக்கிற குப்பையை அள்ள ஒரு கைக்கருவி செய்றீங்கன்னு வையுங்க. அதுக்கு பேட்டன்ட், அதாவது காப்புரிமை, கிடைக்குமா? பார்க்க அற்பமான கேள்வி மாதிரி இருக்கும். ஆனா இதே மாதிரிக் கேள்வி இந்தியாவில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. அமெரிக்காவிலும் போயிருக்கு.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். ஆடி பதினெட்டு. திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறை. காவிரிக்குப் படையல் போட்டு, மஞ்சள் கயிறு மாற்றி, காதோலை கருகமணி விட்டு, சித்திரான்னம் சாப்பிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. மறுநாள் காலையில படித்துறையில் கிடப்பது வாடின பூ, வாழை இலை, தேங்காய் மூடி, பிளாஸ்டிக் கவர், ஈரத்தில் ஒட்டின காகிதம். தேய்ந்த கல் படிகள், இடுக்குகள், கீழே மணல். தட்டையான வாய் உள்ள குப்பை அள்ளி அந்தக் கல்லில் ஒழுங்காகப் படியாது. நடுவில் இடைவெளி விழும், குப்பை அதற்குள் நழுவும். கடைசியில் தூய்மைப் பணியாளர் குனிந்து கையால்தான் அள்ள வேண்டும். வெறும் வசதிப் பிரச்சினை இல்லை இது. இடுப்புவலி, கண்ணாடிச் சில்லு, கிருமி எல்லாம் சம்பந்தப்பட்டது.

இப்ப ஒரு கற்பனைக் கருவி. நீளமான கைப்பிடி. முனையில் தட்டையான விளிம்புக்குப் பதிலா, தனித்தனியா வளையக்கூடிய பற்கள். மேலே ஒரு விசை. அதை அழுத்தினால் வாய் மூடும். நல்ல கருவி, உபயோகமான கருவி. பேட்டன்ட் உண்டா?

உபயோகமா இருந்தா மட்டும் போதாது என்பதுதான் முதல் பாடம். அது ஏன்னு புரிய, கொஞ்சம் பின்னாடி போகணும்.

இந்தியாவின் முதல் காப்புரிமைச் சட்டம் 1856இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதமே கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற சிவில் எஞ்சினியர் முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தார். எதுக்குத் தெரியுமா? பங்கா இழுக்கிற இயந்திரத்துக்கு. துரைமார் தலைக்கு மேலே ஆடும் துணி விசிறியை மணிக்கணக்கில் கயிறு பிடித்து இழுத்த கூலியாளின் வேலையைச் செய்ய ஒரு பொறி. ஆக, இந்த நாட்டில் காப்புரிமை கேட்டு வந்த முதல் மனுவே ஒரு கூலியாளின் கை செய்த வேலையைப் பற்றியதுதான். அந்தச் சட்டம் அரசியின் முன் அனுமதி இல்லாமல் போடப்பட்டதால் அடுத்த ஆண்டே ரத்தாகி, 1859இல் திருத்தங்களோடு மறுபடி வந்தது. அது வேற கதை.

அதே காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு கதவுக் குமிழ் வழக்கு. ஹாட்ச்கிஸ் எதிர் கிரீன்வுட், 1851. மரத்திலும் உலோகத்திலும் செய்து வந்த குமிழைக் களிமண்ணில் செய்ததற்கு பேட்டன்ட் வாங்கியிருந்தார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. பொருளை மாற்றுவது நல்ல கைவினைஞர் எவரும் செய்யக்கூடிய வேலை, அது கண்டுபிடிப்பு ஆகாது என்பது அதன் நிலைப்பாடு. இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கும் 'இன்வென்டிவ் ஸ்டெப்' பரிசோதனையின் வேர்களில் ஒன்று இது.

நம்ம கேள்விக்கு இன்னும் பக்கத்தில் வருவது 1966ஆம் ஆண்டு வழக்கு: கிரஹாம் எதிர் ஜான் டீர். இதுவும் மேடுபள்ளப் பிரச்சினைதான். கல் நிறைந்த நிலத்தில் உழும்போது கலப்பையின் தண்டு கல்லில் மோதி உடையும். கிரஹாம் ஒரு ஸ்பிரிங் பிடிப்பு செய்தார். கல் பட்டால் தண்டு மேலே தூக்கிக்கொள்ளும், தாண்டியதும் பழைய இடத்துக்கு வரும். அதன்பின் தன் முந்தைய வடிவத்திலேயே ஒரு மாற்றம் செய்தார். கீல் தகட்டுக்கு மேலே இருந்த தண்டைக் கீழே கொண்டுபோனார். அதற்கு வாங்கிய பேட்டன்ட்தான் வழக்குக்கு வந்தது. செல்லாது என்றது நீதிமன்றம். அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் பழைய வடிவத்தைப் பார்த்தாலே, இரண்டையும் இடம் மாற்றலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். என் வேலை பாஷையில் சொன்னா இது ரீஃபாக்டரிங். கோடு முன்பைவிட நல்லா ஓடலாம், ஆனா புது அல்காரிதம் இல்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரம் உங்க வீட்டுலயும் இருக்கும், குறைஞ்சது ஒரு டபரா டம்ளராவது. பாத்திரம் வார்த்தோ தட்டியோ முடித்ததும் கடைசல் பிடிக்க வேண்டும். பாத்திரத்தைச் சுழலவிட்டு, உளி வைத்துச் சீவி மெருகேற்றுவது. இந்தக் கடைசல் வேலையிலிருந்துதான் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் மிக முக்கியமான தீர்ப்பு வந்தது. வழக்கு கும்பகோணத்தில் நடக்கவில்லை, உத்தரப் பிரதேசத்தில் நடந்தது. தொழில் ஒன்றேதான்.

மிர்சாபூரின் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் 1951 டிசம்பர் தேதியிட்டு ஒரு பேட்டன்ட் வைத்திருந்தது. பழைய முறையில் சுழலும் பாத்திரம் பிடி நழுவிப் பறக்கும். தொழிலாளிக்கு ஆபத்து. புது ஏற்பாட்டில் எதிர்முனையிலிருந்து ஒரு தண்டு பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கும். வேலை வேகம், பாதுகாப்பு, மெருகும் நன்றாக வரும். இன்னொரு நிறுவனமான பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் அதே முறையைப் பயன்படுத்த, வழக்கு மூண்டது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் முதலில் ஒரு நீதிபதி பேட்டன்ட்டை ரத்து செய்தார். மேல்முறையீட்டில் அது மீண்டது. கடைசியில் 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி ரத்து செய்தது. 27 ஆண்டுகள். அன்றைய சட்டப்படி ஒரு பேட்டன்ட்டின் ஆயுளே 16 ஆண்டுதான். வழக்கு முடியறதுக்குள்ள, எதுக்காகச் சண்டை போட்டாங்களோ அந்த உரிமையின் காலமே முடிஞ்சுபோச்சு.

நீதிபதி சர்க்காரியா எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான். ஒரு வேலைப்பொருளை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிப்பது லேத் தொழிலில் பழகிய விஷயம். அதைப் பாத்திரத்துக்குக் கொண்டுவந்தது பட்டறையில் நடக்கும் சாதாரண மேம்பாடு. தெரிந்த பாகங்களைச் சேர்ப்பதற்கும் பேட்டன்ட் உண்டு, ஆனால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கிப் புதிய அல்லது மேம்பட்ட பலனைத் தர வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் போதாது. தொழிலாளியின் உயிரைக் காக்கும் மாற்றமா இருந்தாலும் விதி இதுதான்.

இந்த இடத்தில் ஒரு சென்னைக்காரரைச் சொல்லியாகணும். நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார். சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர், பிறகு உச்ச நீதிமன்றம் போனவர். காப்புரிமைச் சட்டத்தை மாற்றி எழுத மத்திய அரசு அவரைக் கேட்டது. 1959இல் அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் வழங்கப்பட்ட பேட்டன்ட்களில் பெரும்பகுதி வெளிநாட்டவர் கையில், அவற்றில் மிகப் பல இங்கே உற்பத்திக்கே வராமல் கிடக்கின்றன என்று காட்டினார். யார் எதைப் பூட்டி வைக்கலாம் என்பதை நாடு தன் தேவையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்ற பார்வை அது. அந்த அறிக்கையின் மேல் எழுந்ததுதான் 1970ஆம் ஆண்டுச் சட்டம். 1972 ஏப்ரலில் அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் 3வது பிரிவு, எதெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று பட்டியல் போடுகிறது. நமக்கு மூன்று போதும். 'எஃப்' உட்பிரிவு: தெரிந்த கருவிகளை, அவை தனித்தனியாக வழக்கம்போல் வேலை செய்யும்படி அடுக்குவதோ மாற்றி அடுக்குவதோ கண்டுபிடிப்பு இல்லை. 'எச்' உட்பிரிவு: விவசாய முறைக்கு பேட்டன்ட் இல்லை. கருவிக்குக் கேட்கலாம், அதை வைத்துக் களத்தைக் கூட்டும் முறைக்குக் கேட்க முடியாது. 'பி' உட்பிரிவு, 2002 திருத்தத்தில் சேர்ந்தது: மரபு அறிவாக இருப்பதற்கோ, மரபாகத் தெரிந்த பொருட்களின் தெரிந்த குணங்களைத் திரட்டியதற்கோ பேட்டன்ட் இல்லை.

இப்ப நம்ம கற்பனைக் கருவியை எடுங்க. தனித்தனியா வளையும் பற்கள்னு சொன்னேன். அது எங்கே இருக்கு? உங்க வீட்டு வாசல்ல. தென்னங்குச்சி விளக்குமாறு. சாணம் மெழுகி வெடிப்பு விட்ட நெல்லடிக்கும் களத்தில், ஒவ்வொரு ஈர்க்குச்சியும் தன் பாட்டுக்கு வளைந்து அந்தந்தப் பள்ளத்தைத் தொடும். மேடுபள்ளத் தரை என்ற பிரச்சினைக்கு டெல்டா எப்பவோ பதில் வெச்சிருக்கு. வாங்கி அள்ளுவதற்கு மூங்கில் முறம். ஆகவே பற்கள், தட்டு, மூடும் விசை மூன்றும் தனித்தனியே தன் வேலையைச் செய்தால், பரிசீலனை அதிகாரி 'எஃப்' பிரிவைக் காட்டி மறுப்பார். அதில் தப்பு சொல்ல முடியாது.

ஒரு வழி இருக்கு. கைப்பிடியை அழுத்தும்போது ஒவ்வொரு பல்லும் கல்லின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது, அழுத்தத்தின் உச்சத்தில் அதே விசை எல்லாப் பற்களையும் அந்த வடிவத்திலேயே பூட்டுகிறது, அதனால் தட்டுக்கும் கல்லுக்கும் இடைவெளியே இல்லாமல் குப்பை ஏறுகிறது என்று வையுங்க. இப்போது பாகங்கள் ஒன்றை ஒன்று சார்ந்து இயங்குகின்றன. விளக்குமாறும் முறமும் சேர்ந்து தராத பலன். யாரும் முன்பே செய்திருக்கவில்லை, துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றவும் தோன்றாது என்றால், இதற்கு வாய்ப்பு உண்டு. விண்ணப்பம் போகும் இடம் சென்னை கிண்டி அலுவலகம். தனிநபர் ஆன்லைனில் கொடுத்தால் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசீலனைக்கு 4,000. கிடைத்தால் 20 ஆண்டு. ஒண்ணு மட்டும் கவனம்: விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி படித்துறையில வெச்சு ஊருக்கே செஞ்சு காட்டி ரீல்ஸ் போடாதீங்க. சில விதிவிலக்குகள் இருந்தாலும், பொதுவாக அதோடு புதுமை போய்விடும். தற்காலிக விவரக்குறிப்போடு முதலில் விண்ணப்பித்தால், முழு விவரம் கொடுக்க 12 மாதம் கிடைக்கும்.

ஆனா என்னை உறுத்துவது வேற. 'தொழில் தெரிந்தவருக்கு எளிதில் தோன்றுவது கண்டுபிடிப்பு இல்லை' என்கிறது சட்டம். படித்துறை கூட்டுகிறவரும், கொல்லுப்பட்டறைக்காரரும்தான் அந்தத் தொழில் தெரிந்தவர்கள். அவர்கள் தினமும் செய்யும் சின்னச் சின்ன மாற்றங்கள், அவர்களுக்குத் தோன்றியவை என்பதாலேயே, கணக்கில் வருவதில்லை. ஜெர்மனி 1891இலும் ஜப்பான் 1905இலும் இப்படிப்பட்ட சிறு மேம்பாடுகளுக்குக் குறுகிய கால உரிமை தரும் தனிச் சட்டம் போட்டன. இந்தியாவில் 2011இல் அரசு ஒரு விவாத அறிக்கை வெளியிட்டதோடு சரி, சட்டம் வரவில்லை.

அதே விதிக்கு இன்னொரு முகமும் உண்டு, நான் அதன் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறேன். நாளைக்கு ஒரு கம்பெனி வந்து, வளையும் பற்கள் எல்லாமே எங்களுடையது என்று கேட்டால், அதைத் தடுப்பதும் இதே விதிதான். பேட்டன்ட் வழங்கும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். 25வது பிரிவு ஒரு அழகான காரணத்தை ஏற்கிறது: உள்ளூர்ச் சமூகத்திடம் வாய்மொழியாக இருக்கும் அறிவு. உங்க பாட்டிக்குத் தெரிந்தது சட்டத்தின் முன் ஆதாரம். அதை நிரூபிக்க ஏதாவது கையில் இருந்தால் இன்னும் நல்லது.

அதனால உங்க ஊர்ல யாராவது ஒரு கருவியில கம்பி கட்டி, தகரம் அடிச்சு, வேலையைச் சுலபமாக்கியிருந்தா முதல்ல அவங்ககிட்ட கேளுங்க. பேட்டன்ட் வேணுமா, எல்லாருக்கும் பொதுவா விடலாமான்னு முடிவு பண்ண வேண்டியது அவங்க. பொதுவா விடலாம்னா, போட்டோ எடுத்து, தேதி போட்டு, எப்படி வேலை செய்யுதுன்னு நாலு வரி எழுதி வெளியிடுங்க. அதுக்கப்புறம் அதையே யாரும் தன் பேர்ல பூட்டுறது ரொம்பக் கஷ்டம். சாஃப்ட்வேர்ல நாங்க ஓப்பன் சோர்ஸ்னு சொல்றதுக்குப் பக்கத்துல வர்ற விஷயம் இது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.