நவீனமயமாக்கம்: இலங்கை மலையகமும் சீனாவும்

நவீனமயமாக்கம் என்பது உற்பத்தி, போக்குவரத்து, கல்வி, குடியுரிமை ஆகியன இயந்திரத் தொழிலுக்கும் நவீன அரசுக்கும் ஏற்ப மாறும் வரலாற்றுப் போக்காகும். இம்மாற்றங்கள் எந்த வரிசையில் நிகழ்ந்தன என்பதை நோக்கினால், இலங்கை மலையகமும் சீனாவும் சென்ற வழிகள் வேறுவேறு என்பது தெரியவரும்.

இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைநாடான மலையகத்தில் முந்தி வந்தது இயந்திரம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய், அதுவரை முதன்மைப் பயிராயிருந்த கோப்பியை அழித்தபின் தேயிலை மலையெங்கும் பரவியது. சீனாவில் உழவர் குடும்பங்கள் கொழுந்தைக் கையால் பதப்படுத்த, இங்கு தோட்டத்துத் தொழிற்சாலைகள் இயந்திரங்களால் உருட்டி உலர்த்தின. 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய ரயில் தேயிலையைத் துறைமுகத்துக்கு இறக்கியது. இந்திய, இலங்கைத் தேயிலையின் போட்டியால் பிரித்தானியச் சந்தையில் சீனத் தேயிலை பின்தள்ளப்பட்டது. ஆயினும் கொழுந்து பறித்த தென்னிந்திய வம்சாவளித் தொழிலாளர்கள், ஆள்சேர்த்து மேற்பார்த்த கங்காணியின் முன்பணக் கடனுக்குக் கட்டுண்டு, லயன் எனப்படும் தொடர் அறைகளில் வாழ்ந்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்க, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை அந்நிலை முழுமையாகத் தீரவில்லை.

சீனாவிலோ நிலப்பங்கீடே முந்தி வந்தது. 1950இல் சட்டமான நிலச்சீர்திருத்தம் நிலப்பிரபுக்களின் நிலத்தை உழவருக்குப் பங்கிட்டது. அந்நிலம் பின்னர் கூட்டுப்பண்ணைகளுக்குள் சென்றாலும், 1978க்குப் பின் பரவிய குடும்பப் பொறுப்பு முறை, அதாவது கிராமத்தின் கூட்டுடைமையான நிலத்தைக் குடும்பங்கள் ஒப்பந்தத்தில் பயிரிடும் ஏற்பாடு, சாகுபடி உரிமையை உழவர் கைக்கு மீட்டளித்தது. ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகியது அதன் பின்னரே. சீன வழி குறையற்றதன்று: 1958இல் சட்டமான குடும்பப் பதிவு முறை, கிராமத்தார் நகரில் உரிமையுடன் குடியேறுவதைத் தடுத்தது.

இரு நாடுகளையும் ஒப்பிட மிகப் பொருத்தமான இடம் குத்தகையே. இலங்கையில் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் அவற்றுக்கு 53 ஆண்டுக் குத்தகை வழங்கப்பட்டது. 1993இல் சீனா 30 ஆண்டுகளுக்கு நீட்டிக்க முடிவுசெய்த நில ஒப்பந்தங்களோ உழவர் குடும்பங்களுக்குரியவை. இரண்டிடத்தும் நிலம் தனியார் சொத்தாகவில்லை எனினும், பயன்படுத்தும் உரிமை ஓரிடத்தில் கம்பனிக்கும் மற்றோரிடத்தில் குடும்பத்துக்கும் சென்றது. சிறு நில உடைமையாளரால் தேயிலை விளைவிக்க இயலாது என்ற வாதமும் இங்கு நிற்காது. இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கை இன்று தருபவர்கள், முதன்மையாகத் தென்னிலங்கையின் தாழ்நிலப் பகுதிச் சிறுதோட்டக்காரர்களே. மலையகத்தில் சில கம்பனிகள் தேயிலைச் செடிகளைத் தொழிலாளர் குடும்பங்களிடம் பராமரிப்புக்குப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை வாங்கிக்கொள்ளும் முறையைப் பின்பற்றி வருகின்றன. அதிலும் நிலத்தின் குத்தகை கம்பனியின் பெயரிலேயே உள்ளது.