ஸ்டிக்கர் ஒட்டிய கேமரா

எங்கள் கல்லூரியின் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு இரண்டு பேச்சுகள் ஓயாமல் நடக்கும். ஒன்று, நிலுவையில் இருக்கும் ஊதியம். மற்றொன்று, புதிதாக வந்திருக்கும் போனின் கேமரா. 48 மெகாபிக்சலா, இருட்டில் எப்படி எடுக்கும், எத்தனை மடங்கு ஜூம் என்று ஆண் ஆசிரியர்கள் கூடிக் கூடிப் பேசுவார்கள். எனக்கும் அந்தப் பேச்சில் ஆர்வம் உண்டு. ஆனால் நான் ஒரு கேள்வி கேட்டால் பதில் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் ஆணைப் பார்த்துத்தான் சொல்லப்படும்.

ஒருநாள் அந்தப் பேச்சுக்கு நடுவே, மூன்று வருடங்களுக்கு முன் எங்களிடம் தமிழ் இலக்கியம் படித்து முடித்த மாணவி ஒருத்தி சான்றிதழ் வாங்க வந்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் ஆலையில் வேலை. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் மெல்லச் சொன்னாள்: "அந்த மாதிரி போன்லதான் சார், கேமரா சரியா இருக்கானு பாக்கிறது என் வேலை."

ஒரு நொடி அறை அமைதியானது. பிறகு ஒருவர் கேட்டார்: "அப்ப உங்களுக்குக் கம்மி விலைக்குக் கிடைக்குமாம்மா?"

அவள் சிரித்துவிட்டு என் மேசைப் பக்கம் வந்துவிட்டாள். அவளிடம் நான் கேட்டது வேறு: நீ வேலை பார்க்கிற மாதிரி ஒரு படம் இருந்தால் காட்டேன். "எங்க மேடம்? கேட்டுலயே நம்ம போன் கேமராமேல ஸ்டிக்கர் ஒட்டிருவாங்க. லைனுக்குப் போகும்போது போனே லாக்கர்ல. மூணு வருசத்துல உள்ள ஒரு படம்கூட எடுத்ததில்ல."

நாளெல்லாம் கேமராவோடு இருப்பவளிடம் தன் வேலையின் ஒரு படமும் இல்லை. தொழில் ரகசியம் காக்கத்தான் இந்த விதி என்று ஆலைகள் சொல்லும். அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் கேமராவின் வரலாற்றை வைத்துப் பார்த்தால், இது அவள் ஒருத்தியின் கதை இல்லை என்று தெரிகிறது.

1863ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெண்ணுக்கு மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். அப்போது வயது 48. கோழிக்கூண்டாக இருந்த கண்ணாடிக் கொட்டகையைப் படப்பிடிப்புக் கூடமாக்கிக்கொண்டார். பிறகு 15 அங்குலத்துக்கு 12 அங்குலக் கண்ணாடித் தட்டுகளை ஏற்கும் இன்னும் பெரிய கேமராவுக்கு மாறினார். லென்ஸைப் பற்றியும் ரசாயனத்தைப் பற்றியும் அறிந்த ஆண்கள் அவரைக் கேலி செய்தார்கள்: படம் மங்கல், தட்டில் கீறல், இவருக்கு ஃபோகஸ் செய்யத் தெரியவில்லை. நண்பரும் விஞ்ஞானியுமான ஜான் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் கேமரன் திருப்பிக் கேட்டார்: எது சரியான ஃபோகஸ் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது?

பெண்ணிய வரலாற்றில் இந்தக் கேள்வியைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் கேமரனின் படங்களில் மாதா மரியாளாக நின்றவர் அவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர். 1875இல் கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்த கேமரன், 1879இல் அங்கேயே இறந்தார். அந்தத் தீவில் அவர் எடுத்தவற்றில் சில படங்களே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் உழைக்கும் மக்கள் இருக்கிறார்கள், பெண்கள் இருக்கிறார்கள், பெயர்கள் இல்லை. நம் ஊர்களிலிருந்து மன்னார் வழியாக நடந்துபோன குடும்பங்களின் உழைப்பில்தான் அன்றைய காப்பித் தோட்டங்கள் நின்றன. ஃபோகஸைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை ஒரு பெண்ணுக்குக் கிடைத்தபோதும், அவள் லென்ஸுக்கு எதிரே நின்ற பெண்ணுக்குத் தன் பெயரைச் சொல்லும் இடம்கூடக் கிடைக்கவில்லை.

1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் கேமராவைக் கொண்டுவந்தார். பொத்தானை நீங்கள் அழுத்தினால் போதும், மற்றதெல்லாம் எங்கள் பொறுப்பு என்பதுதான் விளம்பரம். சுருள் தீர்ந்ததும் கேமராவை அப்படியே ஆலைக்கு அனுப்ப வேண்டும். படங்கள் அச்சாகி, புதிய சுருள் போட்ட கேமராவும் திரும்பி வரும். அந்த 'மற்றதெல்லாம்' என்ற சொல்லுக்குள் அச்சிட்டும் ஒட்டியும் கொடுத்த எத்தனையோ பெண் தொழிலாளர்களின் கைகள் இருந்தன. விளம்பரத்திலோ வேறொரு பெண் வந்தாள்: கோடக் பெண். நல்ல உடையில், கையில் கேமராவோடு, கடற்கரையிலும் மலையிலும் நின்றாள். பெண்ணும் கேமராவும் என்றால் உலகம் நினைவில் வைத்திருப்பது அவளைத்தான்.

இந்தியாவில் கேமராவைத் தொழிலாக எடுத்த பெண்ணுக்கும் பெயர் எளிதாகக் கிடைக்கவில்லை. நாட்டின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக்காரர் என்று அறியப்படும் ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்கள் கணவர் மானெக்‌ஷாவின் பெயரில்தான் வெளியாயின. ரோலிஃபிளெக்ஸும் கனமான ஸ்பீட் கிராஃபிக்கும் தூக்கிக்கொண்டு, சேலை கட்டியபடி, டெல்லியின் ஆண் கூட்டத்துக்குள் நுழைந்து அவர் எடுத்த படங்கள் இந்த நாட்டின் விடுதலைக்காலத்தின் சாட்சியங்கள். பத்ம விபூஷண் கிடைத்தது 2011இல், அவருக்கு 97 வயதானபோது.

இனி நம் சாலைக்கு வருவோம். பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். தெற்கே ஒரகடம், வல்லம் வடகால். ஏரியும் நெல்வயலுமாக இருந்த இந்த வட்டாரத்தில் 2006இல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. முதலில் எளிய போன்கள், பிறகு கேமரா உள்ளவையும். லைனில் நின்றவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பலர் தங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண்கள். 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. ஆலை திறந்தபோது எடுத்த படங்களில் அமைச்சர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். பெண்களின் முகங்கள் நாளிதழில் பெரிதாக வந்தது, வேலை போனபோதுதான்.

பிறகு ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் வந்தன. 48 மெகாபிக்சல் கேமராவோடு ஐபோன் 15 விற்பனைக்கு வந்த 2023 செப்டம்பரில், முதல் நாளிலேயே இந்தியாவில் செய்த போன்களும் கடைகளில் இருந்தன.

அந்த எண்ணைச் சொல்லி வியப்பவர்கள் கேமராவின் உள்ளேயும் கொஞ்சம் பார்க்கலாம். விரல் நுனியளவுக் கூட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிளாஸ்டிக் லென்ஸ்கள்; அவற்றை நூலிழை தூரம் நகர்த்தி ஃபோகஸ் செய்யக் காந்தமும் கம்பிச்சுருளும்; அடியில் ஒளியை மின்சாரமாக மாற்றும் சிலிக்கான் சில்லு. பெரும்பாலும் இது முழுத் தொகுதியாக வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே பொருத்தப்படுகிறது, சோதிக்கப்படுகிறது. உள்ளே ஒரு தூசி விழுந்தாலும் படத்தில் புள்ளி தெரியும். அதனால்தான் தலையிலிருந்து கால்வரை மூடிய உடை, கையுறை, முகமூடி. தூசி விழாமல் இருக்க மூடிய அந்த உடைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியாமல் போகிறது.

2021 டிசம்பரில் அது தெரிந்தது. ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கிய ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்ற தகவல் உடன் வேலை பார்த்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. யாரும் இறக்கவில்லை என்பது பிறகு உறுதியானது. ஆனால் 17ஆம் தேதி இரவு பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோது அதைச் சொல்லி நம்பவைக்க யாராலும் முடியவில்லை. அந்த இரவின் படங்களும் வீடியோக்களும் போன்களிலிருந்து உலகெங்கும் போயின. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. நெரிசலான அறைகளில் தரையில் படுத்ததும், தண்ணீர் வராத கழிப்பறைகளும் அப்போதுதான் வெளியே பேசப்பட்டன.

மறுநாள் 67 பெண்களையும் ஒரு பத்திரிகையாளரையும் போலீஸ் பிடித்து வைத்ததாகவும், அவர்களுடைய போன்களை வாங்கிக்கொண்டு பெற்றோரை அழைத்து எச்சரித்ததாகவும், பிடிபட்ட பெண்கள் சொன்னதை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. முதலில் போன், அடுத்து அப்பா. இந்த வரிசையை நம் வீட்டுப் பெண்கள் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

சாலையில் உட்கார்ந்ததற்குப் பலன் இல்லாமல் இல்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதியை அரசு திறந்தது. அதே ஆண்டு ஜூனில், ஃபாக்ஸ்கான் ஐபோன் லைனுக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியை அடுத்து, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. யாருடைய கை லென்ஸைப் பொருத்தலாம் என்பதைத் தாலி தீர்மானிக்கக்கூடாது என்று நாம் வாதாட வேண்டியிருந்த ஆண்டு அது.

என் மாணவி வேலை பார்ப்பது வேறோர் ஆலையில். அவளிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். 2021இல் அவள் கல்லூரியில் இருந்தாள். அந்த வீடியோக்களைத் தன் போனில் பார்த்ததாகச் சொன்னாள். பிறகு மேசையில் கிடந்த பழைய விடைத்தாளைத் திருப்பி, என் பேனாவை வாங்கி வரையத் தொடங்கினாள். இது லைன். இங்கே தட்டு வரும். இது இருட்டுப் பெட்டி, உள்ளே கோடு போட்ட அட்டை. போனை வைத்தால் மிஷினே அதைப் படம் எடுத்துப் பார்க்கும். இது லென்ஸில் கறை இருக்கிறதா என்று நான் பார்க்கும் விளக்கு. இது சூப்பர்வைசர் நிற்கும் இடம். இது தண்ணீர் குடிக்கப் போகும் வழி, கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"நீ எங்க?" என்று கேட்டேன். ஒரு சின்ன வட்டம் போட்டாள். பக்கத்தில் இன்னும் இரண்டு வட்டங்கள் போட்டு, தோழிகளின் பெயர்களை எழுதினாள். தன் பெயரை எழுத மறந்துவிட்டாள். எழுதச் சொன்னேன்.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. இந்தச் சாலையின் ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள் நம் வகுப்புகளில் படித்தவர்கள், நம் அக்கா தங்கைகள், நம் தெருவில் விடிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்கள். படம் எடுக்க முடியாத இடத்தை வரையலாம், சொல்லலாம், எழுதி வைக்கலாம். அடுத்த பருவத்திலிருந்து வாய்மொழி வரலாற்றுப் பாடத்துக்கு என் மாணவிகள் கொண்டுவர வேண்டியது அதுதான்: ஒரு தொழிலாளியின் லைன் வரைபடம், அவள் கையாலேயே, அவள் விரும்பினால் அவள் பெயரோடு.