தந்தையின் கரம்: ஹைடல்பெர்க் வினாவிடை காட்டும் இறையாண்மை

கடவுளின் இறையாண்மை என்றவுடன் எட்டாத அரியணையையும் மாற்றவொண்ணாத தீர்ப்பையுமே பலர் எண்ணுகின்றனர். இழவு வீட்டில் நாம் கூறும் ‘கர்த்தருடைய சித்தம்’ என்னும் ஆறுதலும் சில வேளைகளில் ‘தலைவிதி’ என்பதற்கு மறுபெயராகவே ஒலிக்கின்றது. ஆகவே, இறையாண்மையைத் தந்தையின் அன்பாக எளிய விசுவாசிகளுக்குக் கற்பித்த ஹைடல்பெர்க் வினாவிடையை ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

ஜெர்மனியின் பாலாட்டினேட் நாட்டை 1559 முதல் ஆண்டவர் மூன்றாம் பிரெடரிக். அக்காலத்தில் திருவிருந்தைப் பற்றிய பூசல் தலைநகராகிய ஹைடல்பெர்க்கைக் கலக்கியிருந்தது. இளைஞரின் போதனைக்கும் சபைகளின் ஒருமைக்கும் உதவும் வினாவிடையொன்றை ஆக்குமாறு அவர் பணித்தார். அது 1563இல் வெளிவந்தது. அதன் ஆக்கத்தில் தலையாய பங்கு, அப்போது 28 வயதே நிரம்பியிருந்த பேராசிரியர் சக்கரியாஸ் உர்சினஸ் என்பாருக்கு உரியது. ஓராண்டில் போதித்து முடிக்கும்படி, அதன் 129 வினாக்களும் 52 ஞாயிறுகளுக்குரிய பகுதிகளாக வகுக்கப்பட்டன.

முன்குறித்தலுக்கென்று தனி வினா இதில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. இறையாண்மை இங்கே ‘பிதா’ என்னும் விசுவாசப்பிரமாணச் சொல்லின் விளக்கமாகவே வருகின்றது. படைத்தவர் கிறிஸ்துவின் நிமித்தம் நமக்குத் தந்தையானார் என 26ஆம் வினா போதிக்கின்றது. மழையும் வறட்சியும், விளைச்சலும் பஞ்சமும், உணவும், நலமும் நோயும், செல்வமும் வறுமையும் தற்செயலாக அன்றித் தந்தையின் கரத்தினின்றே வருகின்றன என்பது 27ஆம் வினாவின் கருத்து. இவையெல்லாம் உழவனும் தாயும் நாள்தோறும் காண்பவை. துன்பத்தில் பொறுமை, இன்பத்தில் நன்றி, வருங்காலத்தைக் குறித்து நம்பிக்கை ஆகிய மூன்றையும் இப்போதனையின் பயனாக 28ஆம் வினா காட்டுகின்றது.

வறுமையும் அவர் கரத்தினின்று வருமாயின், ஏழையின் வாயை அடைக்க இது உதவாதோ? இவ்வையம் நியாயமானதே. ஆனால் அதே நூல், கட்டளைகளை விளக்குமிடத்தில் (110, 111ஆம் வினாக்கள்), கள்ள நிறையையும் கள்ள அளவையும் அநியாய வட்டியையும் களவு என்று கண்டிக்கின்றது. இல்லாதவனுக்கு உதவும்படி உழைக்கவும் கட்டளையிடுகின்றது. தந்தையின் ஆட்சியை நம்புகிறவன் சகோதரனைச் சுரண்ட இயலாது. ஆதலின், பணக்காரனின் அநீதிக்கு இப்போதனையில் புகலிடம் இல்லை.

1576இல் பிரெடரிக் மறைந்தார். அவருக்குப் பின் ஆண்ட மகன் லுத்தரன் கொள்கையினர். ஆகவே சீர்திருத்த சபையின் ஆசிரியர்கள் பதவியிழந்தனர். உர்சினசும் ஹைடல்பெர்க்கை விட்டு நோய்ஸ்டாட் சென்று கற்பித்து, 1583இல் தமது 48ஆம் வயதில் மறைந்தார். பொறுமையைப் போதித்தவருக்கே அதன் தேவை நேரிட்டது.

போதகராகிய நாம் ‘உம்முடைய சித்தம்’ என்பதற்கு முன்னரே ‘எங்கள் பிதாவே’ என்று செபிக்கக் கற்றிருக்கிறோம். இவ்வரிசையை நமது பிரசங்கங்களிலும் துக்க வீடுகளிலும் காப்போமாக. தந்தை யாரென்று அறிந்த பின்னரே அவர் சித்தம் ஆறுதலாகும்.