நினைவு நாணயமும் அதன் விலையும்

நாணயம் கைமாறுவதற்கென்றே பிறந்தது. கைமாறாமல் பேழைக்குள் உறங்குவதற்கென்றே அடிக்கப்படும் நாணயத்தை எங்ஙனம் மதிப்பிடுவது? இவ்வினாவுக்கு விடை தேடி நான் வரலாற்றை நாட நேர்ந்தது.

பல்லாண்டுகளாகப் பழங்காசு திரட்டி வருபவன் ஆதலால், நண்பர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அவர்களுள் ஒருவர், 1983ஆம் ஆண்டு பொறித்த அமெரிக்க ஒலிம்பிக் வெள்ளி டாலர்கள் பத்தினை, வெள்ளி விலையைப் போல் நான்கு மடங்கு கொடுத்து ஒரு வணிகரிடம் வாங்கினார். வாங்கலாம் என்று தலையசைத்தவன் நானே. பின்னர், பேத்தியின் கல்லூரிச் செலவுக்காக அவற்றை விற்கச் சென்றோம். கடைக்காரர் பேழையையும் சான்றிதழையும் ஒதுக்கிவிட்டு, நாணயங்களைத் தராசில் இட்டார். வெள்ளிக்குரிய விலையே கிடைத்தது.

என் பிழை யாது? அமெரிக்காவின் முதல் நினைவு நாணயமே அதனை எனக்கு விளக்கிற்று. 1893இல் கொலம்பஸ் நினைவாகச் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. விவேகானந்தர் உரையாற்றிய சர்வசமய மாநாடு அதனையொட்டிக் கூடியதே. அக்கண்காட்சிக்கென 50 லட்சம் அரை டாலர்கள் அடிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு டாலருக்கு விற்கப்பட்டது. முதல் நாணயத்தைத் தட்டச்சுப் பொறி நிறுவனம் ஒன்று 10,000 டாலருக்கு வாங்கியது. ஆயினும் ஏறக்குறையப் பாதி நாணயங்கள் விலைபோகாமல் உருக்கப்பட்டன. வேறு பல, வெறும் ஐம்பது சென்ட் காசாகவே கடைத்தெருவில் புழங்கின.

1936இல் வேறொரு வழி கண்டனர். சின்சினாட்டி நகரம் இசைக்கு உறைவிடமாகி ஐம்பதாண்டு நிறைந்ததென்று கூறி, 15,000 அரை டாலர்களே அடிக்கப்பட்டன. 1886இல் அங்கு அவ்வாறு கொண்டாடத்தக்க நிகழ்ச்சி எதுவும் நடந்திலது! ஒன்றரை டாலர் முகமதிப்புள்ள மூன்று நாணயங்கள் 7 டாலர் 75 சென்டுக்கு விற்கப்பட்டன. விரைவிலேயே வெளிச்சந்தையில் விலை பன்மடங்காயிற்று. அவ்வாண்டில் இத்தகைய வெளியீடுகள் பெருகின. மோகம் தணிந்ததும் விலைகள் சரிந்தன. 1939இல் அமெரிக்கக் காங்கிரசு அவற்றை நிறுத்தியது. 1946க்கும் 1954க்கும் இடையே சில வெளிவந்து நின்றபின், 1982இல் நினைவு நாணயங்கள் மீண்டும் தொடங்கின.

பழங்காசு அரிதானது ஏன்? மக்கள் அதனைச் செலவழித்தனர், உருக்கினர், தொலைத்தனர், எஞ்சியது சிலவே. புதிய நினைவு நாணயத்தையோ வாங்கிய யாவரும் காத்து வைக்கின்றனர். என் நண்பர் வாங்கிய வகையில், சான் பிரான்சிஸ்கோவில் மெருகேற்றி அடித்தவை மட்டும் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவை. எல்லாரும் காப்பாற்றும் பொருள் அரிதாவது எப்படி?

ஆகவே, வாங்குமுன் முதலில் எடையைக் காண்க. அந்த டாலரின் எடை 26.73 கிராம், அதில் வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, அதாவது ஏறத்தாழ 24 கிராம். அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் வினவுக. எத்தனை அடித்தார்கள்? எத்தனை எஞ்சியுள்ளன? விளம்பரத்தில் கேட்கும் விலையை விடுத்து, உண்மையில் விற்றுப்போன விலை யாது?

நண்பர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒன்பது நாணயங்களை விற்றுவிட்டு, ஒன்றை மட்டும் என் கையில் வைத்துச் சென்றார். யோசனை கேட்டு வருவோர்க்கு, இப்பொழுது முதலில் அதனைத் தராசில் இட்டுக் காட்டுகிறேன்.