கழிப்பறைப் பயிற்சியில் பட அட்டைகள்

கழிப்பறைப் பட அட்டைகள் என்பவை, பேச்சு வராத குழந்தைகளுக்குக் கழிப்பறைப் பழக்கத்தைக் கற்பிக்கப் பயன்படும் ஒளிப்படங்கள் அல்லது கோட்டுப்படங்கள் ஆகும். மதியிறுக்கம் (ஆட்டிசம்), பெருமூளை வாதம், டவுன் நோய்க்கூட்டறிகுறி போன்ற நிலைகளில் பேச்சு வராத, அல்லது தாமதமாக வரும் குழந்தைகளுக்கு இவை பயன்படுகின்றன. இவ்வட்டைகள் இரு வேறு பணிகளைச் செய்கின்றன. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் குழந்தைக்கு உணர்த்துவது ஒன்று. தனக்குக் கழிப்பறை செல்ல வேண்டும் என்பதைக் குழந்தை பிறருக்குத் தெரிவிக்க உதவுவது மற்றொன்று.

வரலாறு

1971 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர்களான நேத்தன் அஸ்ரின், ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகியோர் அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கான தீவிரக் கழிப்பறைப் பயிற்சி முறையை வெளியிட்டனர். அதிலிருந்த கண்டிப்பான கூறுகள் இன்று பெரும்பாலும் தவிர்க்கப்படுகின்றன. வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் முன்னின்று உருவாக்கிய டீச் திட்டம், அன்றாடச் செயல்களைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டும் முறையைப் பரவலாக்கியது. 1985 இல் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் ஆகிய இருவரும் பெக்ஸ் எனப்படும் படப் பரிமாற்றத் தொடர்பு முறையை உருவாக்கினர். இதில் குழந்தை தனக்கு வேண்டியதன் படத்தை மற்றவர் கையில் கொடுத்துக் கேட்கிறது.

வரிசை அட்டைகள்

இவை கழிப்பறைச் சுவரில், குழந்தையின் கண் மட்டத்தில் ஒட்டப்படுகின்றன. வழக்கமான வரிசை பின்வருமாறு:

1. உள்ளே சென்று கதவை மூடுதல்
2. உடையை இறக்குதல்
3. அமர்தல்
4. சிறுநீர் அல்லது மலம் கழித்தல்
5. தண்ணீரால் கழுவுதல்
6. உடையைச் சரிசெய்தல்
7. தண்ணீர் ஊற்றுதல்
8. சோப்புப் போட்டுக் கை கழுவுதல்

மேலைநாடுகளில் அச்சிடப்படும் அட்டைகளில் பெரும்பாலும் இருக்கை வகைக் கழிப்பறையும் காகிதச் சுருளும் இடம்பெறும். குந்தி அமரும் கழிப்பறையும் வாளியும் குவளையும் உள்ள வீட்டில் அவை குழப்பத்தையே தரும். படத்திலுள்ள பொருளும் தன் வீட்டுப் பொருளும் ஒன்றே எனச் சில குழந்தைகள் உணர்வதில்லை. எனவே வீட்டுக் கழிப்பறையையே ஒளிப்படம் எடுத்துப் பயன்படுத்துவது நல்லது.

கேட்பு அட்டை

இது கழிப்பறையைக் குறிக்கும் ஒற்றை அட்டையாகும். குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும், முதலில் அந்த அட்டையைக் குழந்தையே பெரியவர் கையில் கொடுக்கும்படி பழக்க வேண்டும். தொடக்கத்தில் வேறொருவர் பின்னால் இருந்து குழந்தையின் கையைப் பிடித்து உதவலாம். அட்டை கொடுக்கப்பட்டவுடன் தாமதமின்றி அழைத்துச் செல்ல வேண்டும். காத்திருக்கச் சொன்னால், அட்டை கொடுத்தும் பயனில்லை என்றே குழந்தை கற்றுக்கொள்ளும்.

இவ்வட்டை பல இடங்களில் விடுபட்டுப் போகிறது. குறித்த நேரத்தில் அழைத்துச் செல்லப்படும் குழந்தை வீட்டில் உடையை நனைக்காமல் இருக்கலாம். அதே குழந்தை வகுப்பறையில் நனைத்துவிட்டால், பயிற்சி பெறாத குழந்தை என்று கருதப்படுகிறது. உண்மையில் அதற்குச் சொல்ல வழியில்லாமல் இருந்திருக்கலாம். ஆகவே வீட்டிலும் பள்ளியிலும் ஒரே அட்டை, குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது இன்றியமையாதது. 'வலிக்கிறது' என்பதற்கும் ஓர் அட்டை இருந்தால், மலம் கழிக்கும்போது வலி ஏற்படுவதைக் குழந்தை தெரிவிக்க இயலும்.

கவனிக்க வேண்டியவை

* பயிற்சிக்கு முன் சில நாட்கள், உடை நனையும் நேரங்களைக் குறித்துக்கொண்டால் அழைத்துச் செல்ல ஏற்ற நேரம் புலப்படும்.
* மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரை அணுக வேண்டும்.
* தண்ணீர் பீய்ச்சும் ஓசை, ஈரத் தரை, மணம் ஆகியவற்றுக்குச் சில குழந்தைகள் அஞ்சுவதுண்டு. அது பிடிவாதம் அன்று.
* உடை நனைந்ததற்காகத் திட்டுவதோ அடிப்பதோ குழந்தையை மறைந்து மலம் கழிக்கவும், அடக்கி வைக்கவும் தூண்டக்கூடும்.
* குழந்தை தானாகச் செய்யப் பழகிய படிகளின் படங்களை ஒவ்வொன்றாக நீக்கலாம். கேட்பு அட்டையை மட்டும், குழந்தைக்குச் சொல்ல வேறு வழி வாய்க்கும் வரை நீக்கக் கூடாது.

பட அட்டைகள் பழகினால் குழந்தை பேசாமல் போய்விடும் என்ற அச்சம் பெற்றோரிடையே உண்டு. படங்களைப் பயன்படுத்துவது பேச்சு வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. அட்டையைக் காட்டும் ஒவ்வொரு முறையும் அதற்குரிய சொல்லையும் சேர்த்துச் சொல்வது நல்லது.