சிராயும் குகையும்

ஆங்கில வரலாற்று நூல்களைப் பயில்வார் அடிக்கடி எதிர்ப்படும் தொடர்களுள் 'ஸ்பிளின்டர் குறூப்' என்பதும் ஒன்று. கட்சியொன்றினின்றோ சமயச் சபையொன்றினின்றோ பிரிந்து சென்ற சிறு கூட்டத்தை அது குறிக்கும். ஸ்பிளின்டர் என்பது மரத்தைப் பிளக்கும்போது தெறிக்கும் சிராய். உடைந்த என்பின் சில்லுக்கும் அப்பெயர் உண்டு. சொல் பழையதாயினும், அரசியற் கூட்டங்களுக்கு அதனை அடையாக்கி வழங்குதல் இருபதாம் நூற்றாண்டிலேயே பெருவழக்காயிற்று.

சொல் உருவகமாதலின் உருவகத்துக்குரிய குறிப்புக்கள் யாவும் உடன் வருகின்றன. சிராய் என்றவுடனே அடிமரம் ஒன்று உளதென்பது பெறப்படும். மரம் நின்றது, இது வீழ்ந்தது. மரம் பயன்படும், இது கையிற் குத்தும். இவற்றுள் ஒன்றையேனும் நிறுவாமலே ஒரு கூட்டத்தாரைச் சிராய் என்று எழுதிவிடுகின்றோம். தம்மைத் தாமே இப்பெயரால் அழைத்துக்கொள்வார் அரியர். இது பிறர் இட்ட பெயர். பெரும்பாலும் பிரியாது நின்றவர் இட்ட பெயர்.

இது வழக்கிற்கு வருமுன் ஆங்கிலப் பாராளுமன்றத்தார் ஆண்ட சொல் 'கேவ்', அதாவது குகை. அதன் வரலாறு சுவையானது. 1866ஆம் ஆண்டு றசல் பிரபுவின் லிபரல் அரசாங்கம் வாக்குரிமையை விரிக்கும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. றொபேட் லோ, எட்வேட் ஹோஸ்மன் முதலிய லிபரல் உறுப்பினர் சிலரே அதனை எதிர்த்தனர். மார்ச்சு 13ஆந் திகதி ஜோன் பிறைற் எழுந்து, ஹோஸ்மன் தமது அதுல்லாம் குகையிற் புகுந்துகொண்டு, துன்புற்றாரையும் மனக்குறையுடையாரையும் தம்பாற் கூட்டுகின்றார் என எள்ளினார். அதுல்லாம் என்பது, சவுல் மன்னனுக்கு அஞ்சிய தாவீது ஒளிந்திருந்த குகை. கடன்பட்டாரும் மனங்கசந்தாருமாக ஏறக்குறைய 400 பேர் அங்கே அவனைச் சேர்ந்தனர் என்று விவிலியம் கூறும். அவையினர் நகைத்தனர், அதுல்லாமியர் என்னும் பெயர் நிலைத்தது. பின்னர் எக்கட்சியில் எவர் முரண்பட்டுக் கூடினும் அவர் 'குகை அமைத்தனர்' என்றல் பாராளுமன்ற மரபாயிற்று.

குவேக்கர் குடும்பத்திற் பிறந்து விவிலியத்தில் ஊறியவர் பிறைற். அவர் எடுத்த உவமையோ அவருக்கு மாறாகவும் பேசவல்லது. குகையிற் புகுந்த தாவீது பின்னர் அரியணை ஏறினான். துரத்திய சவுலின் குலம் அரசிழந்தது. அதுல்லாமியரும் ஒரு முறை வென்றனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசாங்கம் 11 வாக்கு வித்தியாசத்தில் தோற்றுப் பதவி துறந்தது. ஆனால், அடுத்து வந்த கொன்சவேற்றிவ் அரசாங்கத்தில் டிஸ்றேலி 1867இல் நிறைவேற்றிய சட்டம் முன்னையதினும் மிகுதியானோருக்கு வாக்குரிமை வழங்கிற்று. தூவானத்துக்கு அஞ்சியவர் பெருமழையில் நனைந்தனர்.

இருபது ஆண்டு கழிந்தது. 1886இல் கிளாட்ஸ்டன் அயர்லாந்துச் சுயாட்சி மசோதாவைக் கொண்டுவந்தபோது, 90க்கு மேற்பட்ட லிபரல் உறுப்பினர் தம் தலைவருக்கு எதிராக வாக்களித்தனர். மசோதா 30 வாக்கு வித்தியாசத்தில் வீழ்ந்தது. எதிர்த்து வாக்களித்தவருள் ஒருவர் பிறைற்! குகைக்குப் பெயரிட்டவரே முதுமையிற் குகை புகுந்தார். அவரைச் சிராய் என்று எழுத எந்த வரலாற்றாசிரியருக்குக் கை எழும்?

கிளாட்ஸ்டனின் கதையையும் இங்கே நோக்குதல் வேண்டும். 1846இல் சேர் றொபேட் பீல் தானியச் சட்டங்களை நீக்கியபொழுது, பொதுமக்கட் சபையில் அவருடைய கொன்சவேற்றிவ் கட்சியினருள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் அவரை எதிர்த்தனர். கட்சித் தலைவரும் முதலமைச்சருமாகிய அவர் சிறுபான்மைப் பக்கம் நின்றார். தலைமை இருந்த இடமே அடிமரம் எனின் பெரும்பான்மையோர் சிராயாவர். தொகையே அளவெனின் தலைவர் சிராயாவார். பீலைப் பின்பற்றிய அச்சிறு கூட்டத்தில் இருந்தவர் கிளாட்ஸ்டன். அக்கூட்டம் 1859இல் விக் கட்சியாரோடும் தீவிரவாதிகளோடும் கூடியதனாலேயே லிபரல் கட்சி உருப்பெற்றது. 1886இல் அடிமரமாகக் கருதப்பட்டது, தானும் ஒரு சிராயைத் தன்னுள் வாங்கி வளர்ந்ததே.

இவ்வினா சொல்லாராய்ச்சியளவில் நில்லாது சொத்துரிமையையும் பற்றிநின்ற ஒரு நிகழ்ச்சி ஸ்கொத்லாந்தில் உண்டு. ஆங்கு 1843இல் 450க்கு மேற்பட்ட போதகர், நிலக்கிழார் போதகரை நியமிக்கும் உரிமையை வெறுத்து, நாட்டுத் திருச்சபையைவிட்டு வெளியேறிச் சுயாதீனத் திருச்சபையை நிறுவினர். 1900இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட போதகர்களோடு விளங்கிய அச்சபை வேறொரு சபையோடு இணைந்தது. முப்பதுக்கும் குறைவான போதகரே இணைய மறுத்தனர். வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்றது. சமயத்தை அரசு பேணல் வேண்டும் என்னும் தாபகர் கொள்கையைக் கைவிடாதவர் எவரோ அவரே உண்மைச் சபையார் எனக்கொண்டு, சொத்து முழுவதும் அச்சிறு தொகையினர்க்கே உரியது என 1904இல் தீர்ப்பாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே நாளிற் சட்டத்தின் முன் சிராயாயினர்! தீர்ப்பை அவ்வாறே நிறைவேற்றல் இயலாமையாற் பாராளுமன்றம் மறு ஆண்டே சட்டமியற்றிச் சொத்தைப் பகிர்ந்தளித்தது.

நம் நாட்டிலும் சான்றுண்டு. 1949இல் தமிழ்க் காங்கிரசினின்று பிரிந்தோர் தமிழரசுக் கட்சியை நிறுவினர். 1952இல் அக்கட்சி 2 இடமும் காங்கிரஸ் 4 இடமும் பெற்றன. 1956இல் அவை முறையே 10உம் 1உம் ஆயின. அவ்வாண்டிலேயே, 1951இல் ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு நீங்கிய பண்டாரநாயக்கா 51 உறுப்பினரோடு ஆட்சி ஏற்க, தாய்க்கட்சி 8 இடங்களோடு எஞ்சிற்று.

இத்தொடருக்கு நேரான தமிழ்ச்சொல் வேண்டுவோர், சிராய், துண்டு, சில்லு என்னும் பொருள்பட ஆக்குதலைத் தவிர்த்தல் நன்று என்பது எம் கருத்து. 'பிரிந்தோர்' என்றல் நிகழ்ச்சியை மாத்திரம் கூறும், தீர்ப்பைக் கூறாது. தமிழ் வைணவர் வழக்கு இதனினும் நுண்ணியது. வடகலை, தென்கலை என வழங்குமிடத்து இரண்டும் கலையே. எது மரம், எதிலிருந்து எது தெறித்தது என்பது பெயரில் இல்லை. ஆயினும் கோயில் யானைக்கு எந்த நாமம் இடுவதென்று அவ்விரு கலையாரும் நீதிமன்றம் ஏறினர்.