மொழி மாறிய அலைவரிசை



அரசர் மறைந்தால் கல்வெட்டு எஞ்சும். கோட்டை இடிந்தால் அடித்தளமேனும் எஞ்சும். ஒரு தொலைக்காட்சி அலைவரிசை மறைந்தால் எஞ்சுவது யாது? சில வேளைகளில் பெயர் ஒன்றே. ஸ்டார் பிளஸ் என்பதை இந்தி அலைவரிசையின் பெயராகவே நீங்கள் அறிவீர்கள். ஆனால், அப்பெயரை முதலில் தாங்கி நின்றது ஓர் ஆங்கிலப் பொழுதுபோக்கு அலைவரிசை. அது மறைந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்டு 15 அன்று. அக்காலத்தில் இந்திய ஒளிபரப்பு முழுவதும் அரசின் கையிலேயே இருந்தது. 1991இல் ஹாங்காங் பெருவணிகர் லீ கா-ஷிங்கின் குழுமம் ஸ்டார் தொலைக்காட்சியைத் தொடங்கியதும் நிலைமை மாறியது.

அதனைச் சுமந்த செயற்கைக்கோளின் கதை வியப்புக்குரியது. வெஸ்டார் 6 என்னும் பெயரில் 1984 பிப்ரவரியில் செலுத்தப்பெற்ற அது, உரிய பாதையை அடையாது வீணாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் சென்ற வீரர்கள் அதனைப் பிடித்துப் பூமிக்குக் கொணர்ந்தனர். பின்னர்ச் செப்பனிடப்பெற்று, ஏசியாசாட் 1 என்னும் புதுப்பெயருடன் 1990 ஏப்ரல் 7 அன்று சீன ராக்கெட்டின் வழியே மீண்டும் விண்ணேறியது.

கேபிள்காரர்கள் டிஷ் ஆண்டெனாவை நிறுவி, தெருத்தெருவாகக் கம்பி இழுத்தனர். எங்கள் திருநின்றவூரிலும் சாண்டா பார்பரா போன்ற அமெரிக்கத் தொடர்கள் வீட்டுக்கூடத்திற்கு வந்தன. பேச்சு விளங்காமையால் ஓசையைத் தணித்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்திருந்தோரை நான் கண்டிருக்கிறேன். அந்த அலைவரிசையின் குறை அங்கேயே புலப்பட்டது. விண்ணைக் கடந்த ஒளிக்கு மொழியைக் கடக்க இயலவில்லை.

இக்குறையைப் பிறர் விரைவில் உணர்ந்தனர். அதே செயற்கைக்கோளில் இடம் பெற்று, 1992 அக்டோபரில் ஜீ இந்தியில் தொடங்கிற்று. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தமிழில் தோன்றியது. அவ்வாண்டே ஸ்டாரின் பெரும்பங்கை ரூபர்ட் மர்டாக் வாங்கினார். ஆங்கிலத்தோடு இந்தியையும் கலந்து பார்த்தனர். ஆயினும், ஜீயுடன் இருந்த உடன்பாடு முழுவதும் இந்திக்கு மாறத் தடையாயிற்று. 1999இல் அக்கூட்டு முடிவுற்றது. மறு ஆண்டே ஸ்டார் பிளஸ் முழு இந்தி அலைவரிசை ஆயிற்று. 2000 ஜூலை 3 அன்று அமிதாப் பச்சன் நடத்திய கோடி ரூபாய் வினாடிவினா தொடங்கியபோது, பழைய ஆங்கில ஸ்டார் பிளஸின் வரலாறு முடிந்துபோயிற்று.

இதனால் ஆங்கிலம் வேண்டா என்று நான் கூறுவதாகக் கொள்ளற்க. ஆங்கிலம் அறிவுக்கு வாயில். அதனை நன்கு கற்க. ஆனால், பொதுமக்கள் கூடி மகிழும் இடத்தில் அவர்தம் மொழியே ஆட்சி செய்யும் என்பதற்கு இவ்வரலாறு சான்று.

இன்னும் ஒன்று சிந்திக்கத்தக்கது. அந்த வினாடிவினா பிரிட்டனில் பிறந்தது. தமிழிலும் 2012இல் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்னும் பெயரில் அது வந்தது. மொழி நம்முடையதாயிற்று, அமைப்போ இரவலாகவே நின்றது. மொழியை வென்றெடுத்த நாம், பொருளையும் நாமே படைக்க வேண்டாவா? அப்பணி இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் உங்களுக்கே உரியது.